பொட்டு வைத்த மனைத்தாள்

எங்கள் வீடு இன்று எங்களிடம் இருப்பது ஒரு வக்கீலம்மாவால். அவரை முருகன்தான் அனுப்பினான் என்பேன் நான்.

"மயில்ல அனுப்பியிருக்கலாமுங்க அக்கா. ஊட்டி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்" என்பார் அவர்.

குன்னூரில் பிறந்தவர். கோயம்புத்தூரில் பெரிய வக்கீல் ஒருவரிடம் தொழில் பழகி, கம்பெனி வழக்குகளெல்லாம் நடத்தியவர். இப்போது ஊட்டி கோர்ட்டில் வாதாடுகிறார். சனிக்கிழமைகளில் தேவாலாவுக்கு வந்து, எங்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, எங்களைப் போன்றவர்களின் வழக்குகளை இலவசமாகப் பார்க்கிறார்.

எங்கள் வீடு இருக்கும் இடம் தன்னுடையது என்று பக்கத்து எஸ்டேட்காரர் வழக்குப் போட்டிருந்தார். சிலோனிலிருந்து வந்த என் மாமனாருக்குச் சர்க்கார் கொடுத்த மனை அது. அதற்கான தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன். தைரியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரித்தவர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆயுத பூஜை தவறாமல் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் இறுகிப்போய், மனை எண் இருந்த இடத்தில் ஒரு பெரிய பொட்டுதான் இருந்தது.

"ஏனுங்க அக்கா, சாமிக்குப் பொட்டு வைக்கலாம். சாட்சிக்கு வைக்கலாமுங்களா?"

"வீட்டக் காப்பாத்துற தாளாச்சேம்மா, அதுவும் சாமிதானேன்னு..." என்று இழுத்தேன். என் கையாலேயே வீட்டைத் தொலைத்துவிட்டேனோ என்று சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "கல்யாணமான நாளுல இருந்து என் நெத்திக்கு இவ இவ்வளவு வச்சதில்லீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் சுரண்டப் போனார். வக்கீலம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதீங்கண்ணா, கிழிஞ்சுரும். முகம் பாக்குற கண்ணாடி இருக்குதுங்களா?"

கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் சின்னக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன். தாளைத் திருப்பிப் பிடித்தார். டைப் அடித்த எண் பின்பக்கம் புடைத்துக்கொண்டு, இடம் வலம் மாறித் தெரிந்தது. செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டி, கண்ணாடியில் பார்த்து எண்ணைப் படித்துவிட்டார். "முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் குருக்களே வெளியே வந்து பார்த்தார்.

அந்த எண்ணை வைத்துத் தாலுகா ஆபீசில் நகல் வாங்கினார். அதைக் காட்டித்தான் வாதாடினார். இடம் எங்களுடையதுதான் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு நகலை அவரே கோயிலுக்குக் கொண்டுவந்தார், கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு. "பொட்டு உறைக்கு மேல மட்டும், அக்கா" என்றார். காசு வாங்கவில்லை. கோயில் பொங்கலை மட்டும் இரண்டு தொன்னை வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து, உறைக்கு மேல் ஒரு பொட்டு வைத்தேன். மிச்சக் குங்குமத்தை வீட்டுக்காரர் நெற்றியில் வைத்தேன், பெரிதாகவே.