தரை டாக்டர்

வாயில் ரப்பர் வாத்தைக் கவ்விக்கொண்டு, தவழ்ந்தபடி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தார் குழந்தைகள் கண் டாக்டரம்மா. கையில் பிடித்தால் தவழ வராதாம். எதிரே அம்மாவின் மடியோரம் ஒரு வயதுப் பெண் குழந்தை, இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தரை டாக்டர்’. வெள்ளைக் கோட்டு எப்போதும் ஆணியில்தான். முட்டி தேயாத பேன்ட் அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது.

“நம்ம மூஞ்சிதான் அதுங்க உயரத்துக்கு எறங்கணும். அதுங்களா ஏணி வெச்சு ஏறும்?” என்பார்.

“எது கேட்டாலும் ஆமாம்தான் மேடம்,” என்றார் குழந்தையின் அப்பா, பெருமை பொங்க. “பால் வேணுமான்னா ஆமாம். அப்பா அழகான்னா ஆமாம்.”

“அதையும் நம்பிட்டீங்களாக்கும்?” வாத்தை வாயிலிருந்து எடுத்துக் கேட்ட டாக்டர், மறுபடி கவ்விக்கொண்டார்.

“வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பிட்டாரு மேடம்,” என்றாள் அம்மா. “இவ கண்ணு துடிக்குதேன்னு நான் சொன்னா, ஒனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு என்னைய டெஸ்ட் எடுக்கச் சொல்றாரு.”

வாத்து கீச்சென்றது. குழந்தை பார்த்த கணத்தில் டாக்டர் அவள் தலையை இரு உள்ளங்கைகளில் பூப்போல ஏந்தி நிறுத்தினார். தலை நின்றது. கருவிழிகள் மட்டும் மினுமினுவென்று துடித்தன, இடது கண்ணில் கூடுதலாக. அந்தத் துடிப்பை மீறிப் பார்க்கத்தான் பாவம், அவள் இத்தனை நாளும் தலையாட்டி வந்திருக்கிறாள்.

எங்கோ ஒரு குழந்தைக்கு வரும் கோளாறு இது. பெரும்பாலும் சில வருடங்களில் தானாகவே போய்விடும். ஆனால் பார்வை நரம்பில் கட்டி இருந்தாலும் அச்சு அசலாக இதே ஆட்டம்தான். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க அவராலும் முடியாது.

“பாத்தே சொல்ற வித்தையெல்லாம் எங்கிட்ட இல்லம்மா. மூளைய ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம். கட்டி இல்லேன்னா கவலையே இல்ல.”

அழகான அப்பா சுவரில் சாய்ந்தபடியே சரிந்து, டாக்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள், குழந்தைக்கு மயக்கம் கொடுத்து ஸ்கேன். படங்கள் வரவர நகத்தைக் கடித்துக்கொண்டு திரை முன்னால் நின்றார் டாக்டர். வெளியே நீண்ட நடைக்கூடம். அதன் மறுகோடியில், பெஞ்சில் அம்மாவும் அப்பாவும். மற்ற டாக்டர்கள் அந்தத் தூரத்தை நிதானமாக நடந்து கடப்பார்கள். அதற்குள் பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். இவருக்கு அந்தப் பொறுமை ஏது? கதவைத் தள்ளித் திறந்தவர் நின்ற இடத்திலேயே எம்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, வெறும் உள்ளங்கைகளை விரித்து விரித்து ஆட்டினார்: ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை.