மூடி இருந்ததா என்று கேட்டவர்

பிரேசர் டவுனில் ஒரு கூட்டம். ஒலிவாங்கியின் முன்நின்று முழங்கிக்கொண்டிருந்தேன். மேடையோரத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. பேச்சை முடிக்கச் சொல்லித்தான் எழுதியிருப்பார்கள் என்று எண்ணி, பிரித்துப் பாராமலே மேலும் பேசினேன். பிறகு பார்த்தேன். "மரகதம் டீச்சர் தவறிட்டாங்க." தொடங்கியிருந்த சொற்றொடருக்கு முடிவு கிடைக்கவில்லை. அவையோர் கைதட்டினார்கள். நான் வேண்டுமென்றே நிறுத்தியதாக அவர்கள் கருதிவிட்டார்கள்.

மர்பி டவுனில் எங்கள் பள்ளியை அறிந்த உங்களுக்கு ஆசிரியை மரகதத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதோர்க்காகச் சொல்கிறேன்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவர் அவர். உயர்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். திண்மம், நீர்மம், வளிமம், ஆவியாதல் என்னும் சொற்களை அவரிடம் பெருமிதத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். ஆனால் பல நாளாகியும் வகுப்பில் அவற்றை அவர் உச்சரிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "பொருள மொதல்ல கையில குடுக்கணும் புலவரே. பேரு எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

பிள்ளைகளைத் திடலில் தோளோடு தோள் நெருக்கி நிற்கவைப்பார்; அது பனிக்கட்டி. கைகோத்துத் தளர்ந்து நகர்ந்தால் தண்ணீர். கையை விட்டுவிட்டு ஓடினால் நீராவி. ஒருநாள் பள்ளியின் வாயிற்கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள். நீராவி முழுவதும் தெருவுக்குப் போய்விட்டது. "என்ன டீச்சர் இது கலாட்டா!" என்று தலைமையாசிரியர் பதறி வந்தார். "அடைச்சு வைக்கலன்னா அது நிக்காது சார். பாடம் நல்லாத்தான் போவுது" என்று சொல்லிக்கொண்டே அவரும் தெருவுக்கு ஓடினார்.

இன்று நான் சொல்ல வந்தது அவர் வகுப்பில் படித்த காவ்யாவின் கதையை. ஆசிரியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நகப்பூச்சால் மட்டத்தைக் கோடிட்டு, சாளரத்தின் ஓரம் வைத்தார். மறுநாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. "எங்க போச்சு?" என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "காவ்யா எடுத்துட்டா டீச்சர்!"

ஜோகுபாளையத்தில் காவ்யாவின் வீட்டை ஒட்டித்தான் தெருக்குழாய்; அங்கே அதை நல்லி என்பார்கள். தண்ணீர் முறைவைத்து வரும் தெரு அது. தன் அண்டாவில் நீர் எதுவரை நின்றது என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் துல்லியமாகத் தெரியும். மட்டம் இறங்கினால் அது திருட்டு. வேறு காரணமே இல்லை. எதிர்வீட்டுச் சரசம்மாவின் அண்டாவில் மட்டம் இறங்கியதென்று காவ்யாவின் தாய்மீது பழி விழுந்திருந்தது. பிள்ளைகள் அந்தப் பழியை வகுப்புக்குள் கொண்டுவந்து மகள்மீது போட்டார்கள். மறுநாளிலிருந்து காவ்யா பள்ளிக்கு வரவில்லை.

அந்தத் தெருவின் நடுவில் நின்று நியாயம் கேட்கிறேன் என்று கொதித்தேன். "வாங்க. ஆனா வாயத் தொறக்காதீங்க" என்றார் ஆசிரியை.

சரசம்மாவின் வாசலில் நேர்வெயிலில் கிடந்தது அந்த அகன்ற அண்டா. "ஒரு வெரல் எறங்கிருக்குது டீச்சர்! நல்லி பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறவதானே எடுப்பா? சும்னே சொல்வேனா நானு?" ஆசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மூடி இருந்துச்சா?"

"நான் ஓசூருக்குத் தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தேன். யாரு மூடுவா?"

ஆசிரியை வாதாடவில்லை. இரண்டு தட்டுகளில் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றைத் திறந்தும் மற்றதை ஒரு சட்டியால் கவிழ்த்து மூடியும் வெயிலில் வைத்தார். "நீங்களே காவல் இருங்கம்மா. யாரையும் கிட்ட விடாதீங்க." குடைபிடித்துக்கொண்டு நாள் முழுதும் காவல் இருந்தார் சரசம்மா. மாலையில் திறந்த தட்டு வறண்டிருந்தது. மூடிய தட்டில் நீர் இருந்தது. கவிழ்த்த சட்டியின் உட்புறம் முத்துமுத்தாய்த் துளிகள். சரசம்மா அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "என் கண்ணெதிர்லயே போயிருக்குதே!" என்றவர், எழுந்து நேரே குழாயடி வீட்டுக்கு நடந்தார். "காவ்யாம்மா, நாளைக்குப் பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பு. வாய வச்சிக்கினு சும்மா இல்லடி நானு."

மறுநாள் காவ்யா வந்தாள். அன்றுதான் ஆசிரியை என் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்: ஆவியாதல். காவ்யாவிடம் அதை உரக்கப் படிக்கச் சொன்னார்.

பின்னொரு நாள், தந்தையை இழந்த ஒரு சிறுமியைத் தேற்ற எண்ணி, "உன் அப்பாவும் நீராவிபோல மேலே போயிருக்கிறார்" என்று தொடங்கினேன். ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். "தண்ணி திரும்பி வரும். அவங்கப்பா வரமாட்டாரு. இதச் சொல்லி, மழை வர்றப்பல்லாம் அந்தப் பொண்ண வானத்தப் பாத்துக்கினு நிக்க வைக்காதீங்க புலவரே."

ஆகவே அன்பர்களே, ஆசிரியை முகிலாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அச்சொற்றொடர் என் நாவில் தானாக வந்து நின்றது, விழுங்கிவிட்டேன். அவர் வரமாட்டார். இறுதி வணக்கத்துக்கு வந்தோர்க்கென அவர் வீட்டு வாசலில் வைத்திருந்த தண்ணீர்க் குடம் வெயிலில் திறந்து கிடந்தது. சரசம்மா அழுதுகொண்டே ஒரு தட்டை எடுத்து அதை மூடியதைக் கண்டேன்.

என்னிடம் எஞ்சியிருப்பது அவருடைய ஒரே கேள்விதான். மேடையில் குரல் உயர்ந்து, யாரையோ குற்றவாளியென்று சுட்டிக்காட்ட என் விரல் நீளும்போது, எதிரே எங்கோ பின்வரிசையிலிருந்து அக்குரல் எழுகிறது: "மூடி இருந்துச்சா புலவரே?"

விரல் பாதியில் நின்றுவிடுகிறது. அவையோர் இன்னும் கைதட்டுகிறார்கள்.