நாளைக்கு என்ன நடந்துச்சு?

எங்கள் டவுன்ஷிப்பில் எவாஞ்சலினைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கையெழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் பிளாக் வாசகசாலை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் 'வரலாற்றில் இன்று' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் உலகத்தில் நடந்ததை மூன்று நான்கு வரிகளில் எழுதுவாள். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று படித்துவிட்டுப் போவார்கள். அங்கே அவளுக்குத் தினக்கூலி வேலைதான். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, சாக்பீஸ்கூட அவள் காசு.

நான் சங்கீதா, அவர்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். வீட்டு வேலையை முடித்துவிட்டு வாசகசாலையில் போய் உட்கார்ந்து அவளோடு வம்பளப்பது என் வழக்கம். அவளுக்கு இந்தத் தேதிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவள் அப்பா தைரியநாதன் சுரங்கத்தில் பெர்மனன்ட் தொழிலாளி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் எல்லோரும் முழங்காலிட்டுச் செபமாலை சொல்வார்கள். சொல்லி முடித்து சிலுவை போட்ட கையோடு அவர் பிள்ளைகளைப் பார்த்து, "நாளைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பார். மறுநாள் தேதியில் எப்போதோ நடந்த ஒரு சரித்திரத்தை அவர்கள் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வீட்டு விளையாட்டு. மகன் ரெஜின் எந்தத் தேதிக்கும் "காந்தி பொறந்தாரு" என்பான். எவா மட்டும் புத்தகம் புத்தகமாகத் தேடி வைத்திருப்பாள்.

தைரியநாதன் 1999இல் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலை வாரிசு ஒருவருக்கு வரும் என்றார்கள். அம்மா அன்னமேரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு, மற்றப் பிள்ளை ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தைரியநாதன் என் காதுபடச் சொன்னது, "பெரியவளுக்குக் குடுத்துடு." எவா பட்டம் படித்தவள், வயது இருபத்தொன்பது. ரெஜின் பிளஸ் டூவைத் தாண்டாதவன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. புருஷன் கட்டிலருகே தலையாட்டிய அன்னமேரி அம்மா, முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மகன் பெயரைச் சொன்னார். பெண் பிள்ளை கல்யாணம் ஆனால் போய்விடுவாள், பையனுக்குத்தானே பிழைப்பு வேண்டும் என்று சொந்தபந்தமெல்லாம் ஒத்து ஊதியது. எவா கையெழுத்துப் போடவில்லை. அப்பா வாயால் சொன்னதை நான் ஏன் விட வேண்டும் என்றாள். ஒரு வருடமாக எதுவும் நகரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆனந்த்ராஜ் வாசகசாலைக்கு வர ஆரம்பித்தான். ரெஜினோடு கான்ட்ராக்டில் இருந்தவன், எவா குடும்பம் போகும் அதே கோயில்காரன், பார்க்கவும் லட்சணமாக இருப்பான். கரும்பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுசாகப் படிப்பான். உங்க போர்டைப் படிக்காம எனக்குப் பொழுதே விடியறதில்லைங்க என்று ஒருநாள் சொன்னானாம். அதை என்னிடம் சொல்லும்போது எவா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் கேட்டிருக்கிறார்கள், நகை கேட்டிருக்கிறார்கள். போர்டைப் பற்றி ஒருத்தரும் பேசியதில்லை. மூன்று வாரம் கழித்து அவன், எங்காவது உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டான்.

நவம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டல் என்று முடிவானது. டவுன்ஷிப்புக்குள் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

முதல் சந்திப்புக்கு இலக்கணம் சொல்ல எங்கள் பிளாக்கில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சுதாகரை மூன்று தடவை வெளியில் சந்தித்துப் பேசியவள் நான். எவாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். பத்து நிமிஷம் தாமதமாகப் போ. தட்டில் கொஞ்சம் மிச்சம் வை, இல்லாவிட்டால் பட்டினியோடு வந்தவள் என்று நினைப்பான். பில் வந்தால் ஒரு தடவை பர்ஸைத் திற, இரண்டாம் தடவை திறக்காதே. சம்பளம் கேட்காதே. எல்லாவற்றையும்விட முக்கியம், நீயாகத் தேதி சொல்ல ஆரம்பிக்காதே. ஆரம்பித்தால் நீ ஜூலியஸ் சீசரில்தான் போய் நிற்பாய்.

"அவரா கேட்டா?"

"கேட்டா ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

ஞாயிறு காலையில் ஆறு மணிப் பூசை முடித்து வந்து வாசகசாலையைத் திறந்தவள், கலைக்களஞ்சியத்தைப் புரட்டிவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டாள். முதல்நாள் செபமாலைக்குப் பிறகு, நவம்பர் பத்தொன்பதில் சூயஸ் கால்வாயைத் திறந்தார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். பார்த்தால் அது பதினேழாம் தேதி. அப்பா இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார் என்று சிரித்தாள். போர்டில் சூயஸைச் சேர்க்கவில்லை. 1969இல் மனிதன் இரண்டாம் முறையாக நிலவில் இறங்கியது, அதே நாளில் பெலே ஆயிரமாவது கோல் போட்டது, இந்த இரண்டையும் எழுதினாள். பச்சை சாக்பீஸில் ஒரு பந்து வேறு வரைந்தாள். அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். துணைக்கு நான்தான் போனேன். அப்படிப் போகிறவள் அடுத்த மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காதும் ஓரக்கண்ணும் இந்தப் பக்கம் இருக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. எவா நீலப் புடவையில் வந்திருந்தாள். அவன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான். மழையைப் பற்றிப் பேசினார்கள், கோயில் பாடகர் குழுவைப் பற்றிப் பேசினார்கள். எவா நான் சொன்னபடி தோசையை எறும்பு மாதிரி கொறித்துக்கொண்டிருந்தாள். தேதி பக்கமே போகவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அவனாகத்தான் ஆரம்பித்தான். "இன்னிக்கு போர்டு ரொம்ப நல்லாருந்துச்சுங்க. சூயஸ் கால்வாயத் தொறந்த நாளாமே. எவ்ளோ பெரிய விஷயம்."

என் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"போர்டுலயா பாத்தீங்க?" என்றாள் எவா.

"ஆமாங்க. காலையில பூச முடிஞ்சதும் நேரா அங்கதான் வந்தேன்."

பாவி, அந்த ஒரு நாள் போர்டைப் படித்திருந்தால் பிழைத்திருப்பான். எவா தோசையில் இன்னொரு துணுக்கைக் கிள்ளினாள். இன்னும் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிறாள் என எனக்குப் புரிந்தது. அவள் பேசாமலிருப்பதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு அவன் அடுத்ததற்கு வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு எவா வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இருக்காதாம், அவன் பார்த்துக்கொள்வானாம். அப்பா வேலையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் குடும்பமும் ஒற்றுமையாக இருக்குமாம். இந்த மாதத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் தையில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாமாம்.

அந்த வேலை விஷயத்தை அவள் அவனிடம் மூச்சு விட்டதில்லை.

எவா தோசையை முழுசாகப் பிட்டு, சட்னியில் புரட்டிப் புரட்டிச் சாப்பிட்டாள். தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. காப்பியையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சூயஸ் கால்வாயத் தொறந்தது பதினேழாம் தேதிங்க. போர்டுல அது இல்ல. அதைத் தப்பா நான் ஒரே ஒரு எடத்துலதான் சொன்னேன்."

இரண்டு பேர் பில்லையும் அவளே கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் ரெஜினைத் திட்டித் தீர்த்தேன். கூடப் பிறந்தவளுக்குப் போய் ஆள் வைக்கிறானே, இவனெல்லாம் தம்பியா, இன்றைக்கு அவன் சட்டையைப் பிடிக்காமல் விடப்போவதில்லை என்று குதித்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி வந்தாள். மந்தாரக்குப்பம் போகிறவர்கள் இறங்கின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ரெஜினுக்கு இந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட், சங்கீதா. நேத்து செபமாலையில அவன் இல்ல."

அந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

அன்னமேரி அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பேசினாரா பாப்பா? உனக்குப் புடிச்சதா பேசினாரா?" என்றார். எவா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நீதான் சொன்னியா என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மா மறைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "ஆமா, காலையில கோயில்ல பாத்தப்ப நான்தான் சொன்னேன். நீ எப்பப் பாத்தாலும் அதயே நெனச்சிக்கினு இருக்கற, அதப் பேசினா உனக்கு மனசு எறங்கும்னு சொன்னேன். ஒனக்கும் ஒரு வூடு அமையும், அவனுக்கும் ஒரு வேல ஆவும். பெத்தவ ரெண்டு பேருக்கும்தான பாக்கணும்?"

எவா அழுதாள். அவள் அப்பா செத்த அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. "வேல வேணும்னா கேட்டிருக்கலாமேம்மா. அப்பா எனக்குக் குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதாம்மா. அத எடுத்து அவன் கையில குடுத்திருக்கியே" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. வேலையைச் சொல்கிறாள் என்றே நினைத்திருப்பார்.

எவா கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகும் என்ற நிலை வந்ததும் அன்னமேரி அம்மா வேறு வழியில்லாமல் மகள் பெயரையே எழுதிக் கொடுத்தார். ரெஜின் வேண்டாவெறுப்பாக ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்குப் போய்விட்டான். அடுத்த தையில் ஆனந்த்ராஜுக்கும் அதே ஊரில்தான் கல்யாணம். பெண் இரண்டு வருடமாகப் பேசி வைத்திருந்தவளாம். பத்திரிகையைப் பார்த்த அன்றுதான், அவன் வந்தது கையெழுத்து வாங்க மட்டுமே என்பது அன்னமேரி அம்மாவுக்கு முழுசாக விளங்கியது. விளங்கி என்ன செய்ய.

எவா இப்போது அலுவலகத்தில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் அலுவலகம் போகிற வழியில் நின்று போர்டை எழுதிவிட்டுத்தான் போகிறாள். நவம்பர் பதினேழு வந்தால் சூயஸ் கால்வாய் தவறாமல் இருக்கும். அம்மாவைக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். மாத்திரை, கண் ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

ராத்திரி சில நாள் நானும் அவர்கள் வீட்டில் இருப்பேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் அன்னமேரி அம்மா மகள் முகத்தைப் பார்ப்பார். புருஷன் கேட்ட கேள்வியை இத்தனை வருடமாக அவர்தான் கேட்கிறார், ஒருநாளும் விட்டதில்லை.

"நாளைக்கு என்ன நடந்துச்சு பாப்பா?"

எவா செபமாலையைச் சுருட்டி டப்பாவில் வைத்து மூடுவாள்.

"ஒண்ணும் நடக்கலம்மா. சாப்புட வா."