கழித்துப் போட்ட மீன்

நான் தருவைகுளத்தில் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் நானும் என் மச்சானும் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். ஐஸ் கொட்டகை ஓரம் தங்கியிருக்கும், மனநிலை சரியில்லாத பெண் வந்தாள்.

"அண்ணாச்சி, கொழம்புக்கு ரெண்டு மீன் தாங்க."

மீன் குறைவாகப் பட்ட எரிச்சலில், "அங்கன கழிச்சுப் போட்டது கெடக்கு, பொறக்கிக்க ஏளா" என்றேன்.

"மகாராணிக்குச் சீலா மீன்தான் வேணுமாம்லா" என்றான் மச்சான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலப் பூசையில் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று சொல்லும்போதுதான் உறைத்தது. கழித்துப் போட்டதில் பேத்தை மீன் கிடந்தது. தின்றால் உயிரை எடுக்கும் விஷ மீன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது தெரியும், அவளுக்குத் தெரியாது.

கோயிலிலிருந்து ஓடினேன். அவளுடைய டப்பாவில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ஒன்றும் சொல்லாமல் காலால் தட்டிவிட்டேன்.

மணலில் கொட்டியதைப் பார்த்துவிட்டு அவள், "இதுவும் எனக்கு இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது ஆண்டவர் அவள்மேல் வைத்த இரக்கம். என்மேலும்தான்.

இப்போது கரை சேர்ந்ததும் முதலில் கழற்றும் நல்ல மீனை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். அவள் வந்து கேட்கும்வரை வைத்திருப்பதில்லை. இன்னொரு முறை அவள் கேட்டால் என்னால் தாங்க முடியாது.