‘நான் சாப்டாச்சும்மா’ என்ற எங்கள் அம்மா

எல்லாப் புகழும் இறைவனுக்கே. இதைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் அம்மா தையல் மிஷினில் உட்காருவார்கள். நானும் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா மவுத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. “வருஷம் வைக்கறதெல்லாம் நம்மகிட்ட ஏதுடா?” என்று சிலர் கேட்டீர்கள். இது வருஷம் வைப்பது இல்லை. அம்மாவுக்காக நீங்கள் இறைவனிடம் துஆ கேட்க வேண்டும், அதற்காக அச்சடித்த மலர் இது. இன்னும் சிலர், “குடும்பத்துல காலேஜ் போன மொத ஆளு நீதான், நல்லா எழுது. ஆனா அந்த விஷயத்த மட்டும் உட்டுடு” என்றீர்கள். அதை விட்டால் அம்மாவைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டைக் கடலை உடைக்கும் மிஷின் பகலெல்லாம் ஓடும் தெருவில். பள்ளிக்கூடம் போனதில்லை. நிக்காஹ் முடிந்து திருவண்ணாமலைக்கு வந்தார்கள். அத்தா பஞ்சு மெத்தை தைப்பவர். நானும் தங்கையும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அத்தா போய்விட்டார்கள். அதன்பின் அம்மா ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டு எங்களை ஆளாக்கினார்கள். வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை பார்க்கிற அக்காக்கள், செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரப் பெண்கள், எங்கள் தெருப் பூக்காரம்மா என்று எல்லோரும் அம்மாவிடம் தைத்தவர்கள். பெருநாள் வந்தாலும் தீபம் வந்தாலும் எங்கள் வீட்டு மிஷினுக்கு ஓய்வில்லை.

தையல் வீட்டுக்குத் துணியோடு ஊர்க்கதையும் வரும். அளவெடுக்கக் கையைத் தூக்கினால் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும். ஒரு நாள் பெண்களுக்கான பயான் சொற்பொழிவில், புறம் பேசுவது செத்துப்போன சொந்தச் சகோதரனின் கறியைத் தின்பதற்குச் சமம் என்று குர்ஆன் சொல்வதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத் விளக்கினார். கேட்டுவிட்டு வந்த அம்மாவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒருவர், “விஷயம் தெரியுமாக்கா?” என்று ஆரம்பித்தார். அம்மா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, “நான் சாப்டாச்சும்மா” என்றார்கள்.

“சாப்டீங்களான்னு நான் கேக்கவே இல்லியேக்கா?”

“நீ பரிமாறப் போறியே, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து அதுதான் அம்மாவின் பதில். பூக்காரம்மா மட்டும் லேசில் விடமாட்டார். “ஒரே ஒரு வாய் பாயம்மா, ருசிக்கு!” என்பார். “வயித்துல எடமில்ல, போடி” என்று அம்மாவும் சிரிப்பார்கள்.

இனி அந்த விஷயம். பர்வீன் அக்கா எங்களுக்குச் சொந்தம். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சில மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதில் எதையும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நானும் அதே பந்தியில் உட்கார்ந்தவன் ஆவேன். விசேஷ வீடுகளில் அவரைக் கூப்பிடுவது நின்றது. அம்மா கூப்பிட்டார்கள். “ஹூக் வெக்க ஆளில்லாம கஷ்டப்படறேன், வாம்மா” என்று போய் நின்றார்கள். அதன்பின் பர்வீன் அக்கா எதிர் மிஷினில் உட்கார்ந்து தைத்தார்.

“அவள உள்ள வெச்சிருந்தா நாங்க எப்படி வர்றது?” என்று சொந்தத்தில் சில வீடுகள் துணி கொடுப்பதையே நிறுத்தின. “வாசல் தொறந்துதான் இருக்கு” என்றார்கள் அம்மா. கெஞ்சவும் இல்லை, கோபித்துக் கதவைச் சாத்தவும் இல்லை. என்ன நடந்தது என்று பர்வீன் அக்காவிடம்கூட அம்மா கேட்டதில்லை. நான் ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, “அவளா சொன்னா கேப்பேன். நானா நோண்டினா அதுவும் அதே கறிதான்” என்றார்கள்.

சிறுநீரகம் கெட்டு அம்மா படுக்கையில் விழுந்தபின், என்னையும் தங்கையையும் அருகில் உட்கார வைத்துச் சொன்னார்கள்: “நான் மவுத்தானா என்னைப் பர்வீன்தான் குளிப்பாட்டணும். கூட யார் வேணா நிக்கட்டும். ஆனா அவ கை இருக்கணும்.”

அம்மா மவுத்தானது ஒரு பௌர்ணமியன்று காலை. ரோடெல்லாம் தடுப்பு வைத்திருந்ததால் ஊருக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தீர்கள். அந்த அன்பை மறக்க மாட்டோம். குளிப்பாட்டத் தண்ணீர் தயாரானது. பர்வீன் அக்கா எழுந்தார். அப்போது ஒரு குரல்: “அவ கை பட்டா நான் மய்யித்து முகம் பாக்க மாட்டேன்.”

யார் என்று எழுத மாட்டேன். சொன்னவருக்குத் தெரியும்.

பர்வீன் அக்கா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். “வேணாம் தம்பி. மய்யித்து வீட்ல என்னால சண்டை வேணாம்.”

நான் குறுக்கே நின்றேன். “நீங்க போனா வேற யாரையும் தொட விடமாட்டேன்க்கா. அம்மா சொன்னது சொன்னதுதான்.”

“படிச்ச திமிரு” என்றார்கள் பின்னாலிருந்து.

“திமிருதாங்க. ஆனா படிச்சு வந்ததில்ல, அம்மாகிட்டருந்து வந்தது” என்றேன். மய்யித்து வீட்டில் குரலை உயர்த்தினேன் என்று இன்றுவரை சொல்கிறீர்கள். உயர்த்தினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

தங்கை தண்ணீர் மொள்ளும் கப்பைக் கொண்டுவந்து பர்வீன் அக்கா கையில் வைத்து, அவரை உள்ளே கூட்டிப் போய்விட்டாள். குளிப்பாட்டினார்கள். மய்யித்துக்குச் சுற்றும் கஃபனை வெட்டியதும் பர்வீன் அக்காதான். தையலே இல்லாத துணி அது. வெட்டியது மட்டும் அம்மா பழக்கிய கை.

முகம் பார்க்காமல் போனவர்கள் போனார்கள்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது எதிரே கிரிவலக் கூட்டம். பூக்காரம்மாவின் மகனும் டீக்கடை அண்ணனும் முன்னால் ஓடி, “வழி உடுங்க, எங்க தெரு அம்மா போறாங்க” என்று கூவினார்கள். நடந்துகொண்டிருந்தவர்கள் செருப்பில்லாத காலோடு ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கும், தோள் கொடுத்த ஜமாஅத்தாருக்கும், படுக்கையில் இருந்த அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. பர்வீன் அக்காவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். “எம்பேர மாத்தாத, அப்படியே போடு” என்றார்.

அம்மாவின் மிஷினில் இப்போது அவர்தான் தைக்கிறார். வாசல் திறந்துதான் இருக்கிறது. முகம் பார்க்காமல் போனவர்களும் துணியோடு வரலாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலர் கைக்கு வந்த அன்றைக்கே, “பாத்தியா, அந்தப் பையன் என்னா எழுதியிருக்கான்னு?” என்று யாராவது உங்களிடம் ஆரம்பிப்பார்கள். அம்மாவுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் அப்போது செய்யுங்கள்.

சாப்டாச்சுன்னு சொல்லிடுங்க.