நாற்பது பின்களைத் தேடி வீரபாண்டி பிரிவுக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

அனுப்பர்பாளையத்திலிருந்து வீரபாண்டி பிரிவுக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நான் போன சனிக்கிழமை கோபத்தோடு போனேன். பனியன் கம்பெனிக்குள் லினக்ஸ் போர்டு வைத்து எதையாவது அளக்க நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அம்மா அங்கே ஒரு கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் வேலை செய்கிறார். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, ஸ்டீம் அயர்ன் பாக்ஸைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தார். அங்கே அவ்வளவு சூடெல்லாம் இல்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு சூடு என்பதை மட்டும் யாரும் அளந்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் கண்காட்சி உண்டு. நான் அதை அளப்பதாகப் பெயர் கொடுத்தேன்.

பள்ளி ஆய்வகத்தில் இருந்த போர்டு உள்ளங்கை அளவுதான். ஆனாலும் லினக்ஸ் ஓடும் முழுக் கம்ப்யூட்டர். அதன் ஓரத்தில் நாற்பது பின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். அவற்றில் மூன்றில் வெப்பச் சென்சாரைச் சொருகினேன். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அயர்ன் டேபிளுக்கு மேலே மாட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பள்ளிக் கம்ப்யூட்டருக்குக் கணக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை 11.40க்கு 41.5 டிகிரி. அதோடு நின்றுவிட்டது. துணியின் தரத்தைச் சோதிக்கும் க்யூசி சார் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்று அம்மா சொன்னார். எனக்கு வெள்ளி வரை மாதத் தேர்வு. கண்காட்சியோ திங்கட்கிழமை.

சனிக்கிழமை அம்மாவுக்கு ஏழரை மணிக்கே கம்பெனி வேன் வந்துவிட்டது. நான் காலை 8.10க்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பழைய பேருந்து நிலையம் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் முப்பது நிமிடம் ஆனது. அங்கிருந்து பல்லடம் சாலை பஸ், 9.15க்கு வீரபாண்டி பிரிவு. பிறகு ஒரு கிலோமீட்டர் நடை. நிழல் கிடையாது, குடை அவசியம். வழி முழுக்க க்யூசி சாரிடம் பேச வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதி அடித்தேன்.

க்யூசி சார் போர்டையும் சென்சாரையும் ஒரு பாலித்தீன் பையில் பத்திரமாக வைத்திருந்தார். நான் போர்டை வெளியே எடுத்தேன். பின் ஒன்றுகூட இல்லை. நாற்பதையும் ஒட்ட வெட்டியிருந்தார்.

"ஏங்கண்ணு இப்படி முறைக்கிற? போர்டைத் தூக்கி வீசாம, முனைய மட்டுந்தான வெட்டுனேன்," என்றார். "அதுல ஒண்ணு துணிக்குள்ள போயிருந்தா, வெளிநாட்டுல இருந்து கன்டெய்னரே திரும்பி வந்துருமுங்க. உனக்கு அனுமதி குடுத்த மேனேஜருக்கு என்ன தெரியும்?"

எங்கே என் பின்கள் என்று கேட்டேன். ஊசி ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிப் பிடித்து, செலோ டேப்பால் நோட்டில் ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு என் பின்கள் நான்கு வரிசையாக ஒட்டியிருந்தன. 'செவ்வாய், 11.45. துண்டுகள் 40. எல்லாம் கிடைத்தன.'

எனக்கு என் மேலேயும் கோபம்தான். அம்மா புடவைக்கு ஒரு ஊக்குகூடக் குத்தாமல் வேலைக்குப் போவதை எட்டு வருடமாகப் பார்க்கிறேன். உள்ளே கூர்மையான உலோகம் ஆகாது என்பது, போர்டின் கையேட்டை இரண்டு முறை படித்த எனக்குத் தோன்றவில்லை.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். அம்மா விழுந்த வியாழக்கிழமை இருந்தது. அன்றைக்கு ஓர் ஊசி உடைந்து மூன்று துண்டாகியிருக்கிறது. மூன்றும் கிடைத்திருக்கின்றன. இரண்டு பேர் கையெழுத்து.

"ஆளு விழுந்தா எந்த நோட்டுலங்க சார் எழுதுவீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு நோட்டு இல்ல கண்ணு."

அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை அவரே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லத் தோன்றவில்லை, சொல்லவும் இல்லை.

அங்கிருந்து காதர்பேட்டை, பஸ்ஸில் நாற்பது நிமிடம். பனியன் கடைகளுக்கு நடுவே ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மகராசன் வெட்டினான், கையெடுத்துக் கும்பிடணும், அவ்வளவு நேராக வெட்டியிருக்கிறான் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்டின் அடிப்பக்கத்தில் சென்சாரின் மூன்று வயரையும் நேராக ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தார். 35 நிமிடம், 200 ரூபாய். போர்டு உயிரோடுதான் இருந்தது. கம்பெனிக்குத் திரும்ப ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

இனி வைக்கப் போகிறவர்களுக்கு: பின் வைக்காத போர்டு தனியாகவே கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சென்சாரைச் சால்டர் செய்து, போர்டை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். மேனேஜரிடம் மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். ஊசி நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் உலோகத்தை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டுவதால் பயனில்லை. நான் ஒட்டியிருந்தேன்.

வரும் வழியில் 40 ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஊசி ரிஜிஸ்டர் போலவே கட்டம் போட்டேன்: நாள், நேரம், டிகிரி, வேலை செய்பவர் கையெழுத்து, க்யூசி கையெழுத்து. மூடிய பெட்டியில் போட்ட போர்டை க்யூசி சாரிடம் காட்டிவிட்டு மறுபடி அயர்ன் டேபிளுக்கு மேலே மாட்டி, அந்த மேசைக் காலில் நோட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். "வேணாம் பாப்பா, வேலைக்கு எதுவும் வந்துறப் போகுது," என்றார் அம்மா. அயர்ன் பாக்ஸைக் கீழே வைக்காமலேயே சொன்னார்.

பிற்பகல் 2.40க்குப் போர்டிலிருந்து என் செல்போனுக்கு 42 டிகிரி என்று வந்தது. நான் எழுதினேன். அம்மா என்னையும் அந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் வரியில் கையெழுத்துப் போட்டார். க்யூசி சார் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். இரண்டு முறையும் நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலை ஐந்தரைக்கு நான் கிளம்பும்போது அவருடைய கட்டம் காலியாகத்தான் இருந்தது. வேலை முடிந்ததும் அம்மா நோட்டை வீட்டுக்குக் கொண்டு வருவார். திங்கட்கிழமை கண்காட்சி மேசையில் அந்த ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் இந்த நோட்டையும் விரித்து வைப்பேன். அந்தக் கட்டம் அப்போதும் காலியாக இருந்தால், அப்படியே வைப்பேன்.