வண்டியை விற்று வாங்கிய குளிர்

கார்லிஸ் எம்ப்ரி ஃபீனிக்ஸ் நகரத்தில் இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தொன்பது. டிக்கெட் தகராறு, வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், ஒருமுறை பிரசவ வலி வரைக்கும் பஸ்ஸுக்குள் பார்த்தாயிற்று. எதற்கும் குரலை உயர்த்தமாட்டாள். வீட்டில் ஒரே ஒருவரிடம்தான் அவள் குரல் உயரும். அவர் மாமியார், மரியாதைக்கு எல்லோரும் மிஸ் வெர்டெல் என்று கூப்பிடுகிறவர்.

இப்போதும் மாமியார் என்று சொல்லலாமா என்பதே கேள்விதான். அவர் மகன் வெல்டன் பதினோரு வருஷத்துக்கு முன்பே கார்லிஸிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஐடஹோவில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான். போகும்போது அம்மாவையும் அழைத்துப்போக வாடகை லாரியோடு வந்தான். சமையலறையில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்த மிஸ் வெர்டெல் தலையை நிமிர்த்தாமல், "அங்க பனி கொட்டும். என் முட்டிக்கு ஆகாது. நீ போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். ஏன் தங்கினார் என்று கார்லிஸ் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கிளம்பிவிடுவேன் என்று மட்டும் அடிக்கடி சொல்வார். வீட்டின் பக்கவாட்டில், சரளைக்கல் பரப்பின் மேல், அவருடைய வீட்டு வண்டி நின்றது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற நீளமான வண்டி. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர் லூஷியஸோடு அதில் பாதி நாட்டைச் சுற்றியவர் மிஸ் வெர்டெல். லூஷியஸ் இறந்தபிறகு வண்டி நகரவில்லை. ஆனால் ஒவ்வொரு சண்டையும் அந்த வண்டியில்தான் போய் முடியும். "சாவி என் பையிலதான் இருக்கு. ஏறி உக்காந்தேன்னா நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்" என்பார். கார்லிஸ் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போது, ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கூரைமேல் இருந்த ஏசி நின்றுபோனது.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பெரிய இயந்திரம் கூரைமேல் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து குழாய்கள் பிரிந்து எல்லா அறைக்கும் குளிர்காற்று போகும். கார்லிஸும் வெல்டனும் வீடு வாங்கிய வருஷம் ஏற்றிய இயந்திரம் அது. இரண்டு கோடைகளாகவே முனகிக்கொண்டிருந்தது. கார்லிஸ் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது முதலில் உறைத்தது சூடு அல்ல, அமைதி. மிஸ் வெர்டெல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் கொட்டி, அதில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பூனை குளியலறைத் தரையில் தோசை மாதிரி பரந்து கிடந்தது.

"எப்ப நின்னுச்சு?"

"மத்தியானமே."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"நீ பஸ்ஸை நிறுத்திட்டு வந்து விசிறப்போறியா?"

வெளியே நூற்றுப் பதினாலு டிகிரி. போன் செய்ததும் ஓடிவந்தது விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு பெரிய கம்பெனியின் ஆள். வாசனையாக வந்தான். சட்டை கசங்காமல் வந்தான். கூரைக்கு ஏறாமலே கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டி, புது இயந்திரம், புதுக் குழாய்கள், பத்து வருஷ உத்தரவாதம் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் டாலர் என்றான். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் இரண்டாயிரம் குறையுமாம்.

"ஏன் தம்பி, நாளைக்கும் அதே மெஷின்தானே?" என்று மிஸ் வெர்டெல் கேட்டார்.

"ஆமாம்மா. ஆனா சலுகை இன்னிக்கு மட்டும்தான்."

"அப்ப நாளைக்கு வாங்குறவன் என்ன பாவம் பண்ணான்?"

அவன் சிரித்துச் சமாளித்துவிட்டு, அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, கூரை சுடுவதற்கு முன்பே, மரிசெலா என்ற பெண் வந்தாள். புருஷனோடு சேர்ந்து சின்னதாகத் தொழில் நடத்துகிறவள். ஏணி போட்டு ஏறினாள், அரைமணி நேரம் மேலேயே இருந்தாள், இறங்கிவந்து போனில் எடுத்த படங்களைக் காட்டினாள்.

"கம்ப்ரெஸர் போயிடுச்சு. அதை மட்டும் மாத்தலாம், மூவாயிரத்துக்கு மேல வரும். ஆனா இதுல குளிருக்கு அடைக்கிற கேஸை இப்ப செய்யறதே இல்ல. பழசைத் தேடிப் பிடிக்கணும், அது தங்க விலை. அடுத்த கோடைல வேற ஏதாவது ஒண்ணு போகும். எங்கம்மா வீடா இருந்தா நான் அந்த வேலையைப் பண்ணமாட்டேன்."

"புதுசுன்னா?"

"பன்னெண்டாயிரத்து அறுநூறு. குழாயெல்லாம் நல்லா இருக்கு, அதைத் தொட வேண்டாம்."

"மெஷினே அவ்வளவா?"

"மெஷின் அதுல பாதிகூட இல்ல. கிரேன் வேணும். கூரைல இருக்கிற பழைய ஓட்டைக்கும் புது மெஷினுக்கும் பொருந்தாது, நடுவுல ஒரு தகரச் சட்டம் செஞ்சு வைக்கணும். அப்புறம் நகராட்சி அனுமதி, ஆள் கூலி. அதுவும் ஒன்பது நாள் ஆகும். ஊர்ல பாதிப் பேர் வீட்ல இதே கதைதான்."

மரிசெலா போனபிறகு கார்லிஸ் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிற ஏப்ரலில் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதாக டிப்போவில் சொல்லிவைத்திருந்தாள். சேமிப்பு இருந்தது, ஆனால் முன்பணம் கொடுத்தாலே அது காலி. மீதிக்குக் கடன்தான். கடன் என்றால் ஏப்ரல் என்பது வெறும் பேச்சு.

முதலில் அந்த ஒன்பது நாளை ஓட்டவேண்டும். கார்லிஸ் வீட்டு வண்டியின் தடித்த ஒயரை இழுத்து, சுவரில் லூஷியஸ் பொருத்திவைத்திருந்த பிளக்கில் சொருகினாள். வண்டியின் தலைமேல் இருந்த சின்ன ஏசி புல் வெட்டும் இயந்திரம் போல இரைந்தது. ஆனால் குளிர்ந்தது. இருவரும் பூனையோடு அதற்குள் குடிபுகுந்தார்கள். பின்பக்கக் கட்டில் மிஸ் வெர்டெலுக்கு. சாப்பாட்டு மேசையை இறக்கினால் வரும் படுக்கை கார்லிஸுக்கு. ஒருவர் நடந்துபோக வேண்டுமென்றால் மற்றவர் உட்கார வேண்டும். அந்த அகலத்தில் சண்டை போடுவது கஷ்டம். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். ரொட்டிக்கு நடுவே இறைச்சித் துண்டு வைத்துச் சாப்பிட்டு முடித்து, மிஸ் வெர்டெல் தர்ப்பூசணி அறுத்துக்கொண்டிருந்தார்.

"இதை வித்துடலாம்" என்றார்.

"எதை?"

"நீ உக்காந்திருக்கியே, இதைத்தான்."

கார்லிஸ் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். "இது உங்களுது, மிஸ் வெர்டெல்."

"என்னுதுன்றதாலதான் சொல்றேன். உன்னுதா இருந்தா நான் எதுக்கு வாயைத் திறக்கறேன்?"

"நான் கடன் வாங்கிக்கறேன். பேங்க்ல குடுப்பாங்க."

"ஏன் குடுக்கமாட்டாங்க? நீ ஸ்டீரிங்லயே படுத்துத் தூங்கற வயசு வரைக்கும் கட்டுவே."

கார்லிஸ் வேடிக்கையாகச் சொல்வதுபோல ஆரம்பித்தாள். பாதியிலேயே வேடிக்கை போய்விட்டது.

"இது போயிட்டா நீங்க எதுல ஏறிக் கிளம்புவீங்க?"

மிஸ் வெர்டெல் கத்தி முனையால் ஒவ்வொரு விதையாகத் தள்ளினார். "எண்பத்து மூணு வயசுல எங்க கிளம்பறது? லைசென்ஸ் செத்து ஆறு வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லிட்டா, அப்புறம் எதை வெச்சு என்னை மிரட்டுவீங்க?"

மிஸ் வெர்டெலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, கார்லிஸ் எழுந்து முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மூச்சு சீரானதும் சொன்னார்: "ஆனா எனக்கு ஒண்ணு வேணும். முன் ரூமைக் குடு."

முன் அறை பதினோரு வருஷமாகப் பூட்டித்தான் கிடந்தது. வெல்டனின் பெட்டிகள், பளு தூக்கும் இரும்பு, பழைய ஸ்பீக்கர்கள். அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனவை. மிஸ் வெர்டெல் இருந்தது பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒட்டின சின்ன அறையில்.

"இத்தனை வருஷமா அவன் பெட்டிங்களுக்குக் குளுகுளுன்னு காத்து விட்டுட்டிருக்கோம். பெட்டிக்கு வேர்க்குமா? எனக்குத் தெரு தெரியற ஜன்னல் வேணும், பொண்ணே."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

"விருந்தாளியா வந்தவ ரூம் கேப்பாளா?"

பின் அறைக்குக் கார்லிஸும் தானாக ஒருநாள் போய், வசதியாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "நாளைக்கே வெல்டன்கிட்ட பேசறேன்" என்றாள்.

"நீ பேசாதே. நான் பேசறேன்."

பேசினார். மறுநாள் காலை, வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு. "உன் சாமானெல்லாம் சர்ச்சுக்குப் போகுது. வேணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள வா. இல்லடா, எனக்கு ஒண்ணும் உடம்பு சரியில்லாம இல்ல. ரூம் வேணும், அவ்வளவுதான்." வெல்டன் வரவில்லை. தபாலில் அனுப்பச் சொல்லி ஒரே ஒரு பெட்டியை மட்டும் அடையாளம் சொன்னான். அதை அனுப்பினார்கள்.

வண்டிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கிடைத்தது. வாங்கியவர்கள் மேஸா பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள். கிரேன் வரும்வரை வண்டியில்தான் படுக்கை என்றதும், காத்திருக்கிறோம் என்று நல்ல மனதோடு சொன்னார்கள். மிஸ் வெர்டெல் அவர்களை உட்காரவைத்து, பிரேக் போட்டால் எந்த அலமாரி திறந்துகொள்ளும், மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும் என்று ஒன்று விடாமல் சொன்னார். விலை குறைந்துவிடுமோ என்று கார்லிஸ் கண்ணால் ஜாடை காட்டியும் நிறுத்தவில்லை. அவர்கள் குறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் விடியலில் கிரேன் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பழைய இயந்திரம் புறாக் கூட்டின் குச்சிகளை உதிர்த்தபடி கீழே இறங்கியது. புதியது ஏறியது. மரிசெலாவும் அவள் கணவனும் மத்தியானம் வரை மேலேயே கிடந்தார்கள். கார்லிஸ் இரண்டுமுறை ஐஸ் தண்ணீர் ஏற்றி அனுப்பினாள். ஒரு வழியாக முன் அறையின் காற்றுத் துவாரத்தில் மெல்லிய சத்தம் கேட்டது. மிஸ் வெர்டெல் புதிதாகப் போட்ட கட்டிலில் உட்கார்ந்து, கையைத் தூக்கிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"வருதா?"

"வருது. கதவைச் சாத்து, குளிர் போகுது."

வண்டி அடுத்த நாள் போனது. அது தெருமுனை திரும்பும்வரை மிஸ் வெர்டெல் வாசலில் நின்றார். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு இரும்பு வாணலி மட்டும். பிறகு உள்ளே போய், அன்று முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கார்லிஸும் தொந்தரவு செய்யவில்லை. சோளரொட்டி சுட்டு, வெண்ணெய் தடவி, அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வண்டி விற்ற பணம் போக ஒரு சின்னக் கடன் நின்றது. அதனால் ஏப்ரலில் கார்லிஸ் ஓய்வு பெறவில்லை. இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவதாக டிப்போவில் சொன்னாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, "ஏசி" என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தன் வீட்டுக் கதையை அவரே அரைமணி நேரம் சொன்னார்.

வண்டி போன அந்த வருஷக் குளிர்காலத்திலிருந்தே ஒரு புதுப் பழக்கம். புதன்கிழமைகளில் மிஸ் வெர்டெல் தொப்பி வைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்து, கார்லிஸின் பஸ்ஸில் ஏறி, முன் இருக்கையில் உட்காருவார். கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். வேலை ஒன்றுமில்லை, ஊர் பார்க்கத்தான். பக்கத்தில் உட்காருகிறவர்களோடு பேசிக்கொண்டே வருவார்.

ஒருநாள் ஒரு பெண், "டிரைவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"என் மருமக" என்றார். "நல்லாத்தான் ஓட்டறா. பிரேக்தான் கொஞ்சம் பலமா போடுவா."

கார்லிஸ் கண்ணாடியில் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மெதுவாகப் பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்தாள்.